படை திரும்பிய பிறகு எழுந்த குரல்: ஆப்கன் போரும் சோவியத் விவாதமும் (1979–1989)

வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்க வீதிகள் நிரம்பியதுபோல ஆப்கன் போரை எதிர்த்து மாஸ்கோ வீதிகள் நிரம்பவில்லை. அதனால் சோவியத் படைகள் திரும்பியதைத் தலைவர்கள் போட்ட கணக்காக மட்டுமே பார்ப்பவர்கள் பலர். அது பாதி உண்மைதான். எதிர்ப்பு இருந்தது, அது கடிதங்களாக மூடிய அறைக்குள் போனது. வெளிப்படையான வாதம் மட்டும், படைகளைத் திருப்பியழைக்க முடிவெடுத்த பிறகே தொடங்கியது. இந்தத் தாமதம் அந்த வாதத்தின் உள்ளடக்கத்தையே குறுக்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

1979 டிசம்பர் 12 அன்று அப்போதைய சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் அவருக்கு நெருக்கமான மிகச் சிலரும் படையனுப்ப முடிவு செய்தார்கள். நாடாளுமன்றம் இதை விவாதிக்கவில்லை. போரைக் கண்டித்த இயற்பியலாளர் சகாரவ், 1980 ஜனவரி 22 அன்று வெளிநாட்டவர் நுழைய முடியாத கோர்க்கி நகருக்கு வலுக்கட்டாயமாக அனுப்பப்பட்டார். 1983இல் மாஸ்கோ வானொலியின் ஆங்கில அறிவிப்பாளர் விளாதிமிர் தாஞ்செவ், செய்தி வாசிக்கையில் சோவியத் படையையே ஆக்கிரமிப்பாளர் என்று குறிப்பிட்டார். அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

மௌனம் கல்லறை வரை நீண்டது. இறந்த வீரர்களின் உடல்கள் மூடி முத்திரையிட்ட துத்தநாகப் பெட்டிகளில் வீடு வந்தன. 1981 ஜூலையில் கல்லறை நினைவுக்கற்களைப் பற்றிக் கட்சியின் உச்சக்குழுவான பொலிட்பீரோ பேசியது. கற்களுக்குப் பணம் தரலாம் என்ற யோசனை வந்தபோது, ஒரே ஊரில் இத்தகைய கற்கள் பல எழுவது அரசியல் ரீதியாகச் சரியல்ல என்றார் அக்குழுவின் உறுப்பினர் சுஸ்லோவ். மகன் எங்கே இறந்தான் என்பதைத் தாய் கல்லில் பொறிப்பதற்குக்கூட அரசு அஞ்சியது. எத்தனையோ ஆவணங்களைவிட இந்த ஒரு உரையாடல் அந்த ஆட்சியின் மனநிலையைத் தெளிவாகக் காட்டுகிறது.

வீரர்களின் தாய்மார்கள் எழுதிய கடிதங்களை மட்டும் ஆட்சியாளர்களால் நிறுத்த முடியவில்லை. 1985 அக்டோபர் 17 அன்று புதிய தலைவர் கோர்பச்சேவ், பொலிட்பீரோ கூட்டத்தில் அவற்றைப் படித்துக் காட்டினார் என்று பின்னர் அவருடைய உதவியாளரான செர்னயேவின் நாட்குறிப்பு சொல்கிறது. நம் பிள்ளைகள் எதற்காகச் சாகிறார்கள் என்பதுதான் அத்தாய்மார்களின் கேள்வி. 1986 பிப்ரவரியில் கட்சியின் 27ஆவது மாநாட்டில் ஆப்கானிஸ்தானைக் குருதி வடியும் புண் என்று கோர்பச்சேவ் வருணித்தார்; பழியை மட்டும் ஏகாதிபத்தியத்தின்மேல் போட்டார். அந்த நவம்பரில் தளபதி அக்ரமேயேவ் பொலிட்பீரோவிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினார்: சோவியத் வீரன் கால் பதிக்காத இடமில்லை, ஆயினும் நாட்டின் பெரும்பகுதி கிளர்ச்சியாளர் கையில் இருக்கிறது. இரண்டாண்டுக்குள் வெளியேறுவது என்று அங்கே முடிவானது. அடுத்த மாதமே சகாரவ் விடுவிக்கப்பட்டார்.

அதன்பிறகே அச்சில் குரல் கேட்டது. 1987இல் 'ஒகன்யோக்' இதழில் அர்த்யோம் பரோவிக்கின் போர்க்களக் கட்டுரைகள் வெளிவந்தன. 1988 ஏப்ரல் 14 அன்று படை விலகலுக்கான ஜெனீவா உடன்பாடு கையெழுத்தானது. மே 15இல் படைகள் திரும்பத் தொடங்கின. அம்மாதம்தான் அரசு முதன்முறையாக இறந்தோரின் எண்ணிக்கையைச் சொன்னது: 13,310. எட்டாண்டுப் போருக்குப் பின் வந்த முதல் கணக்கு அது. 1989 பிப்ரவரி 15 அன்று தளபதி குரோமோவ் ஆப்கன் எல்லையிலுள்ள தெர்மெஸ் பாலத்தைக் கடந்ததோடு படை விலகல் முடிந்தது.

ஜூன் 2 அன்று புதிய நாடாளுமன்றமான மக்கள் பிரதிநிதிகள் பேரவையில் உண்மையான மோதல் வெடித்தது. எதிரிகளால் சூழப்பட்ட சொந்த வீரர்களையே சோவியத் ஹெலிகாப்டர்கள் சுட்டன என்று சகாரவ் கனடா நாளேடு ஒன்றிடம் கூறியிருந்தார். ஆப்கன் போரில் இரு கால்களையும் இழந்த செர்வோனபீஸ்கி என்ற பிரதிநிதி அதைக் கண்டித்தார். அவை எழுந்து நின்று அவருக்குக் கைதட்டியது. நான் படையை இழிவுபடுத்தவில்லை, போரையே எதிர்த்தேன் என்று விளக்க முயன்ற சகாரவைக் கூச்சல் மூழ்கடித்தது. கேள்வி முடிவெடுத்தவர்களை விட்டு விலகி, வீரர்களின் மானத்தின் மேல் விழுந்துவிட்டது.

சகாரவ் டிசம்பர் 14 அன்று மறைந்தார். பத்து நாள் கழித்து அதே பேரவை, படையனுப்பியதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பொறுப்பாளிகளாகச் சுட்டப்பட்ட பிரெஷ்னேவ், அவருக்கு நெருக்கமான உஸ்தினோவ், அந்த்ரோபோவ், குரோமிகோ ஆகிய நால்வரும் அப்போது உயிரோடு இல்லை. பாகிஸ்தானிலும் ஈரானிலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கன் அகதிகள் இருந்தார்கள். அவர்களின் இழப்பு அந்த வாதத்தில் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை.