வாத்து, துப்பாக்கி, படக்குழாய்: நெல்லைச் சீமையில் அசைவு விளையாட்டு வந்த வழி

உடல் அசைவால் ஆடும் வீடியோ கேமின் வரலாற்றை 2006 நவம்பரில் வெளிவந்த நின்டெண்டோ வீ கருவியிலிருந்து தொடங்குவது வழக்கம். தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஃபேன்சி கடைகளில் விற்ற மலிவு டிவி கேம் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி இங்கே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அதன் ஆயுளைத் தீர்மானித்தது கேம் பெட்டி அல்ல, தொலைக்காட்சியின் படக்குழாய் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். ஃபேமிகாமை வடிவமைத்த மசாயுகி உயெமுரா, அதற்கு முன் ஷார்ப் நிறுவனத்தில் ஒளிமின்கலங்களைக் கையாண்டவர். நின்டெண்டோவின் ஒளித்துப்பாக்கிப் பொம்மைகளில் அங்கு வடிவமைப்பாளராக இருந்த குன்பெய் யோகோயோடு சேர்ந்து உழைத்தவர். அந்தப் பொம்மைகளின் வாரிசுதான் 1984இல் வந்த 'டக் ஹண்ட்'. நம் பிள்ளைகளுக்கு அது 'வாத்து சுடுற கேம்'.

அதன் நுட்பம் இன்றும் வியக்க வைக்கிறது. துப்பாக்கியிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை. அது திரையைப் பார்க்கிறது, அவ்வளவே. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றுகிறது. முதலில் இருளையும் பிறகு வெளிச்சத்தையும் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி கண்டால் வாத்து விழும். விளக்கை நோக்கிப் பிடித்து ஏமாற்ற முடியாது, இருள வேண்டிய கணத்திலும் விளக்கு எரியுமே. நொடிக்கு 15,000 கோடுகளுக்கு மேல் திரையில் வரையும் படக்குழாயின் துடிப்புக்கு ஏற்ப, உள்ளே ஒரு வடிகட்டியும் உண்டு.

கவர்ச்சிக்குக் காரணம் நுட்பம் அல்ல என்பது என் கருத்து. திருவிழாக் கடையில் பலூன் சுட்ட கைக்கு இந்தத் துப்பாக்கியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் உருவாகும் விளையாட்டுச் செப்புச் சாமானும் இப்படித்தான்: அரைப்பதையும் இடிப்பதையும் குழந்தை வீட்டில் பார்த்தே அறிந்திருக்கிறது. கை ஏற்கெனவே அறிந்த அசைவை விளையாட்டாக்குவதுதான் இந்தக் கவர்ச்சியின் மையம். வீ கருவியோடு தந்த டென்னிஸும் பௌலிங்கும் பாட்டி தாத்தாக்களை எழுப்பி ஆட வைத்ததும் அதனால்தான். அதன் கைப்பிடியில் மூன்று திசை முடுக்கத்தையும் உணரும் சில்லு இருந்தது. வீ உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்றது.

அமெரிக்காவில் அதன் விலை 250 டாலர், அன்றைய மதிப்பில் 11,000 ரூபாய்க்கு மேல். நெல்லையின் நடுத்தர வீட்டுக்கு அது எட்டாத தொகை. அதே 2006இல் இங்கே வேறொன்று நடந்தது. செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளைச் சேர்ந்தன. அவை படக்குழாய்த் தொலைக்காட்சிகள். உலகம் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், வாத்து சுடும் துப்பாக்கி வேலை செய்யக்கூடிய திரை தமிழ்நாட்டில் புதிதாகப் பெருகியது. இந்தத் திட்டத்தைப் பற்றிய அரசியல் விவாதங்களில் இந்த விளைவு பேசப்படாமலே போனது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

பிறகு இங்கும் வந்த தட்டையான எல்சிடி திரை படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டும். அதில் அந்தக் கோட்டுத் துடிப்பும் கிடையாது. துப்பாக்கி பழுதாகாமலே பயனற்றுப் போனது. 2010இல் வந்து 60 நாளில் 80 லட்சம் விற்ற மைக்ரோசாஃப்டின் உடலசைவை உணரும் கினெக்ட் கருவி அந்த இடத்தை நிரப்பவில்லை. ஆடுபவர் சில அடி தள்ளி நின்று கைகால் வீச அதற்கு இடம் வேண்டும். நம் முன்னறைகளில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சுவது கொஞ்சம்.

நிரப்பியது கைப்பேசி. முதலில் போனைச் சாய்த்துக் கார் ஓட்டினார்கள். பிறகு சுடும் விளையாட்டான பப்ஜியும், இந்தியாவில் 2020இல் அது தடைசெய்யப்பட்ட பின் 2021இல் வந்த அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயும் சுழற்சியை உணரும் கைரோ சில்லால் குறிபார்க்க வைத்தன: மணிக்கட்டைத் திருப்பினால் துப்பாக்கி முனை திரும்பும். மலிவு போன்கள் பலவற்றில் அந்தச் சில்லு இருப்பதில்லை. ஆகவே போன் வாங்க வரும் இளைஞர்கள் கேமராவோடு சேர்த்து விசாரிக்கிறார்கள்: "அண்ணே, இதுல கைரோ இருக்கா?"