சக்கிரீஸ்து அறையில் பெயர் மறந்த பொருள்கள்

இஸ்ராயேல் மக்கள் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள் என்று யோசுவா நூலின் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பின்வரும் தலைமுறையின் பிள்ளைகள் இக்கற்கள் எதற்காக என்று தந்தையரைக் கேட்பார்கள். அப்போது ஆண்டவர் செய்த அரும்செயலை அவர்கள் எடுத்துச் சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். கல் தானாகப் பேசுவதில்லை. பிள்ளை கேட்கவேண்டும், பெரியவர் சொல்லவேண்டும். இவ்விரண்டில் ஒன்று நின்றுபோனாலும் அது ஆற்றங்கரையில் கிடக்கும் வெறும் கல்லே.

யூபிலி ஆண்டில் கோயிலுக்கு வெள்ளை அடிக்கிறோம். கொடிமரத்துக்கு வண்ணம் பூசுகிறோம். சக்கிரீஸ்து அறையின் பழைய அலமாரிகளையும் ஒழித்துத் துடைக்கிறோம். அவ்வேளையில் அடித்தட்டிலிருந்து, இன்னதென்று எவருக்கும் தெரியாத சில பொருள்கள் வெளிவருவது பழைய பங்குகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். "இது என்ன சாமி?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. விடை கிடைக்காத பொருள்தான் பழைய பித்தளையோடு எடைக்குப் போகிறது. ஆகவே அப்படிப்பட்ட சில பொருள்களை இனங்கண்டு சொல்ல இக்கட்டுரையில் முயல்கிறோம்.

பானையாகிப்போன மணி

முதலில் தொலைதூரத்து நிகழ்ச்சி ஒன்று. 1836-ஆம் ஆண்டையொட்டி, நியூசிலாந்து நாட்டின் வட தீவில், வில்லியம் கொலென்சோ என்னும் ஆங்கிலிக்கன் சபை ஊழியர் மவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அடுப்பிலிருந்த பாத்திரம் விந்தையாக இருந்தது. பெருங்காற்றில் சாய்ந்த மரம் ஒன்றின் வேரடியில் அது கிடைத்ததாக அவர்கள் கூறினார்கள். அது உண்மையில் பாத்திரமே அன்று. விளிம்பு உடைந்துபோன வெண்கல மணியின் மேற்பகுதி. அதைச் சுற்றி எழுத்துகள் இருந்தன. கொலென்சோவோ அச்சுத் தொழில் அறிந்தவர். மவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837-இல் அச்சேற்றியவர். எழுத்தின் அருமை தெரிந்த அவர் அதைப் பத்திரப்படுத்தினார். பின்னாளில் அறிந்தோர் பார்த்தபோது அவை தமிழ் எழுத்துகள் என்பது தெரியவந்தது. முகையதீன் வக்குசு என்பவரின் கப்பலுக்குரிய மணி என்பதே அவ்வாசகத்தின் பொருள். இன்று அம்மணி வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது அந்நாட்டுக்குப் போய்ச்சேர்ந்த விதம் பற்றி அறிஞர்கள் இன்னும் ஆய்ந்து வருகிறார்கள்.

வெண்கலம் அடுப்புத் தீயைத் தாங்கியது. ஆனால் எழுத்தைக் கவனித்த ஒருவர் வந்திராவிட்டால் தமிழ்க் கப்பலின் மணி பானையாகவே முடிந்திருக்கும். பொருளுக்கு நேரும் இந்தக் கதி நம் கோயில் அலமாரியிலும் நேரக்கூடும்.

ஐந்து சிலுவை தீட்டிய கல்

நாம் சொல்லவிருக்கும் பொருள்களுள் முதன்மையானது ஒரு கல். சதுரமாக, தட்டையாக, ஒருவர் கையில் ஏந்திச் செல்லும் அளவில் இருக்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஆக ஐந்து சிறு சிலுவைகள் செதுக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் சிறு குழி தோண்டி, அதன்மேல் மெல்லிய கல்மூடி பதித்துப் பூசியிருப்பார்கள். தெரியாதவர் பார்த்தால் தளக்கல் என்பார்; துணி துவைக்க வாகான கல் என்பார்.

இதுவே பீடக்கல். ஆயரால் அர்ச்சிக்கப்பட்டது. அந்தக் குழியினுள் இருப்பவை வேதசாட்சிகளின் திருப்பண்டங்கள். மரத்தால் செய்த பீடங்களில் இக்கல்லைப் பதித்து, அதன்மேல்தான் அக்காலத்தில் திருப்பலி நிறைவேற்றுவார்கள். நிலையான பீடம் இல்லாத கிளைக் கிராமங்களுக்குக் குருக்கள் செல்லும்போது, பூசைப் பெட்டியில் இக்கல்லும் உடன்போகும். ஓலைக் குடிசையிலோ மரத்தடியிலோ ஒரு பலகைமேல் இக்கல்லை வைத்தால், அதுவே அவ்வூரின் பீடம். இன்று கோயிலுக்கு வெளியே திருப்பலி நிறைவேற்றப் பீடக்கல் கட்டாயமில்லை. ஆயினும் அதன் வணக்கத்துக்குரிய தன்மை குறைந்துவிடவில்லை. திருப்பண்டங்களை விற்பது குற்றம் என்று திருச்சபைச் சட்டம் 1190 கூறுகிறது. ஆகவே இத்தகைய கல்லைக் கண்டால் மூடியைத் திறவாமல், துடைத்து, பங்குக் குருவிடம் சேர்ப்பிக்கவேண்டும்.

நீண்ட பிடியுள்ள இரும்பு

அடுத்தது இடுக்கி போன்ற ஒரு கருவி. இரண்டு நீண்ட கைப்பிடிகள். நுனியில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இரண்டு இரும்புத் தகடுகள். கொல்லன் பட்டறையிலிருந்து வந்த ஏதோ கருவி என்று தோன்றும். தகடுகளை விரித்து உட்புறம் பார்த்தால் வட்டம் வட்டமாகக் கோடுகளும், அவற்றினுள் சிலுவையும், ஐ.எச்.எஸ். என்ற எழுத்துகளும் குழிவாக வெட்டப்பட்டிருக்கும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறி நிற்கும். அந்த மாற்றத்திலேயே விடை இருக்கிறது. மாறி வெட்டிய எழுத்து எதன்மேலோ அழுத்துவதற்கானது. அழுத்திய இடத்தில்தான் அது நேராகப் படியும்.

இது ஓஸ்தி சுடும் இரும்பு. கோதுமை மாவும் நீரும் மட்டும் சேர்த்துக் கரைத்த மாவைச் சூடேறிய தகட்டில் ஊற்றி, மூடி அழுத்தி, நெருப்பில் காட்டி எடுப்பார்கள். பிறகு வட்டமாக நறுக்குவார்கள். இன்று கன்னியர் மடங்களிலிருந்து பொட்டலமாக வரும் அப்பங்களைப் பெற்றுக்கொள்கிறோம். முன்பு இத்தகைய இரும்பை வைத்திருந்த பங்கில் அப்பம் அங்கேயே சுடப்பட்டது என்று கொள்ளலாம். ஐ.எச்.எஸ். என்பன கிரேக்க மொழியில் இயேசு என்னும் திருப்பெயரின் முதல் மூன்று எழுத்துகள்.

முக்கோணத் தண்டும் மரக்கருவியும்

உயர்ந்த காலின்மேல் முக்கோணச் சட்டம். அதில் மெழுகுதிரி குத்தப் பதினைந்து முனைகள். இதைக் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு உரியது என்று சிலர் எண்ணுவதுண்டு. உண்மையில் இது பரிசுத்த வாரத்தின் இருள் வழிபாட்டுக்கு உரியது. ஒவ்வொரு சங்கீதமும் முடிந்ததும் ஒரு திரி அணைக்கப்படும். பதினான்கும் அணைந்தபின் உச்சியில் எரியும் பதினைந்தாவது திரியை அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைத்துவைப்பார்கள். கோயில் இருளில் மூழ்கும். ஆண்டவரின் மரணத்தில் பூமி அதிர்ந்ததைக் குறிக்கப் புத்தகத்தாலும் பலகையாலும் தட்டி ஓசை எழுப்புவார்கள். பின் மறைத்த திரி மீண்டும் கொண்டுவரப்படும். கிறிஸ்துவின் ஒளி அணைவதில்லை.

இவ்வழிபாடு முந்தின நாள் மாலையிலேயே நடைபெற்று வந்தது. பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் பரிசுத்த வாரச் சடங்குகளைச் சீர்திருத்தி, ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலியை மாலைக்கு மாற்றினார். 1956 முதல் அது நடைமுறைக்கு வந்ததும் அந்த மாலை வழிபாடு பெரும்பாலும் மறைந்தது. தண்டு அலமாரிக்குப் போயிற்று.

இதனோடு, சுழற்றினால் கடகடவென்று ஒலிக்கும் மரக்கருவி ஒன்றும் கிடைக்கலாம். பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று எடுத்துப்போய்விடுவார்கள். பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதத்தின்போது மணிகள் ஒலித்து ஓய்ந்தால், பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதம்வரை மணி ஒலிக்கக்கூடாது. அந்த மௌன நாட்களில் மணிக்குப் பதிலாக ஒலித்தது இந்த மரமே.

பொடி டப்பாவா? சான்றிதழா?

சிறு உலோகப் பெட்டி. உள்ளே மூன்று சிமிழ்கள். தாத்தாக்களின் மூக்குப்பொடி டப்பா போலவே இருக்கும். மூடிகளில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஓ.ஐ. என்றால் நோயாளர் எண்ணெய், எஸ்.சி. என்றால் பரிசுத்த கிறிஸ்மா, ஓ.சி. அல்லது ஓ.எஸ். என்றால் ஞானஸ்நானம் பெறவிருப்போர்க்குப் பூசும் எண்ணெய். அந்த ஒரு சிறு பெட்டியில் தொட்டிலிலிருந்து மரணப்படுக்கைவரை ஒரு கிறிஸ்தவனின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

கண்ணாடிச் சட்டமிட்ட மூன்று இலத்தீன் அட்டைகள் யாருக்கோ வழங்கப்பட்ட சான்றிதழ்கள் அல்ல. குருவானவர் பீடத்தை நோக்கி நின்று பூசை செய்த நாட்களில், பார்த்து வாசிப்பதற்காகப் பீடத்தின்மேல் நிறுத்தியவை. இடப்புறம் இருந்ததில் அருளப்பர் நற்செய்தியின் தொடக்கம். வலப்புறம் இருந்ததில் கை கழுவும்போது சொல்லும் சங்கீதம். நடுவில் பெரியதில் பூசையின் முக்கிய செபங்கள். 1965 மார்ச் 7 முதல், பூசையின் முடிவில் அந்த நற்செய்தியை வாசிக்கும் வழக்கம் நின்றது.

பூசை உடைகளோடு அதே துணியில் தைத்த ஒரு குறுகிய பட்டை இருந்தால், அது குருவின் இடது முன்கையில் தொங்கும் மானிப்புலுஸ். 1967-இல் அது கட்டாயம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

இனங்காணும் வழி

பெயர் தெரியாத பொருள் கையில் கிடைத்தால் நாம் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். எழுத்தோ குறியோ உண்டா? எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது? எந்தப் பொருளோடு சேர்ந்து கிடைத்தது? இதைப் பயன்படுத்தியவர் எவரேனும் உயிரோடு இருக்கிறாரா? தேய்ந்த இடம் கை பட்ட இடத்தைக் காட்டும். சேர்ந்து கிடைத்த துணை பயனைக் காட்டும்.

இவற்றுள் நான்காம் கேள்விக்கே காலம் குறைவாக இருக்கிறது. இலத்தீன் பூசைக்குப் பதில் சொல்லிய பீடச் சிறுவர்கள் இன்று எழுபது வயதை எட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நாம் அடக்கம் செய்யும்போது, ஒரு பெட்டி நிறைய பொருள்களின் பெயர்களும் உடன் அடக்கமாகின்றன. இரும்பும் வெண்கலமும் இன்னும் நூறாண்டு காத்திருக்கும். நம் முதியவர்கள் காத்திருக்க முடியாது.

கோயில் சொத்துகளைப் பட்டியலிட்டு வைக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1283 பணிக்கிறது. கலைச் சிறப்போ வரலாற்றுச் சிறப்போ உடைய விலைமதிப்புள்ள பொருள்களை விற்பதற்குத் திருப்பீடத்தின் அனுமதி வேண்டும் என்கிறது சட்டம் 1292. திருச்சபையின் பண்பாட்டுச் செல்வங்களைப் பட்டியலிடும் அவசரத் தேவையை வலியுறுத்தி 1999 டிசம்பர் 8-இல் உரோமையிலிருந்து ஒரு சுற்றுமடலே வந்தது. பழைய வெள்ளியை உருக்கிப் புதியது செய்வோம் என்று நல்ல மனத்தோடு சொல்வோர் இவற்றை நினைவில் கொள்ளவேண்டும்.

ஆகவே பங்கு மக்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. திருவிழாவுக்கு முன் பாத்திரம் துலக்கும் அன்பர்கள், எழுத்துள்ள பழைய பொருள்களைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்காதிருங்கள். எழுத்து தேய்ந்தால் வரலாறும் தேயும். இளைஞர் இயக்கத்தார், ஒவ்வொரு பொருளுக்கும் படம் எடுத்து, அளவு குறித்து, ஒரு பேரேட்டில் எழுதத் தொடங்குங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தாங்கலாகச் சக்கிரீஸ்து அறைக்கு அழைத்துவாருங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதுங்கள்.

யூபிலியில் நாம் நன்றி சொல்வது இறைவனுக்கு. அவரை நமக்கு அறிமுகம் செய்த முன்னோருக்கும் கூட. அந்தக் கல்லைச் சுமந்து நடந்தவர்கள் அவர்கள்; அந்த இரும்பை நெருப்பில் பிடித்தவர்களும் அவர்களே. நம் பிள்ளைகள் கேட்கும்போது அவர்களைப் பற்றிச் சொல்ல நம்மிடம் விடை இருக்கட்டும்.