வாசுதேவநல்லூர் மண்கோட்டை

பிரான்சு நாட்டில் சில நூறு பேரே வாழும் சிற்றூர்களிலும் இடைக்காலக் கற்கோட்டை நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். நம் தென்காசிச் சீமையிலோ கோட்டைகள் பெரும்பாலும் பெயரளவில்தான் எஞ்சியுள்ளன.

இலத்தூரிலிருந்து மலையடிவாரமாக வடக்கே சென்றால் கடையநல்லூர், புளியங்குடி ஆகிய ஊர்களைக் கடந்து வாசுதேவநல்லூரை அடையலாம். நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் வலிய அரண்களுள் ஒன்று இங்கே இருந்தது. அது மண்ணால் ஆனது. மண்தானே என்று இகழ்வதற்கில்லை. பீரங்கிக் குண்டு பட்டால் கற்சுவர் பிளந்து சரியும். தடித்த மண்சுவரோ குண்டை உள்வாங்கிக் கொள்ளும். பீரங்கி வலிமை பெற்ற பின்னர் ஐரோப்பியரும் உயர்ந்த கன்மதில்களை விடுத்து, தாழ்ந்து தடித்த மண் அரண்களை நாடியதற்கு இதுவே காரணம்.

1755-இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மதலியின் தமையனார் மஹ்பூஸ்கானும், கும்பினியின் கர்னல் ஹெரானும் வரி கேட்டுப் படையுடன் வந்தனர். பூலித்தேவர் மறுத்தார். பெரிய பீரங்கிகளின்றி ஹெரான் திரும்ப நேர்ந்தது. பின்னாளில் அதே மஹ்பூஸ்கான் பாளையக்காரர்களுடன் கைகோத்தார்.

அடுத்து வந்தவர் கான் சாஹிப் யூசுப்கான். 1759 டிசம்பரில், திருவிதாங்கூர்ப் படையின் துணையோடு அவர் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. 1761 மே மாதத்தில்தான் பூலித்தேவரின் கோட்டைகள் அவர் வசமாயின. அந்த வெற்றியால் அவர் வாழ்ந்தாரா? கும்பினியையும் நவாபையும் எதிர்த்தெழுந்த அவரே மதுரையில் முற்றுகைக்குள்ளாகி, உடனிருந்தோரால் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அதன்பின் பூலித்தேவர் மீண்டும் தலையெடுத்தார். 1767-இல் கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கினார். குண்டுகள் பிளந்த இடங்களைக் கோட்டைக்குள் இருந்தோர் பனைமரங்களாலும் வைக்கோலாலும் அடைத்துக்கொண்டே போரிட்டனர். இறுதியில் மழையினூடே வெளியேறினர். 1799-இல் பாளையக்காரர் கோட்டைகள் யாவும் இடிக்கப்பட வேண்டுமென்று மேஜர் பானர்மன் ஆணையிட்டார்.

இப்போர்களை இந்து முஸ்லிம் சண்டையாகச் சித்திரிப்போர் உண்டு. நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். மஹ்பூஸ்கான் பூலித்தேவர் பக்கம் சேர்ந்தார். திருவிதாங்கூர்ப் படை யூசுப்கான் பக்கம் நின்றது. வழக்கு வரியையும் ஆட்சியுரிமையையும் பற்றியது, மார்க்கத்தைப் பற்றியதன்று. அணிகள் மாறிக்கொண்டே இருந்தன; ஆதாயம் மட்டும் கும்பினியைச் சேர்ந்தது. எதிரெதிரே நின்று போரிட்ட யூசுப்கானும் பூலித்தேவரும் ஒரே வல்லமையால் ஒடுக்கப்பட்டார்கள்.

கற்கோட்டை இடிந்தாலும் கல் சாட்சியாகக் கிடக்கும். மண்கோட்டை மண்ணோடு மண்ணாகிவிடும்; அதற்கு மக்களின் நினைவே சாட்சி. அச்சாட்சி திரிபடையாமல் அடுத்த தலைமுறையிடம் சேர வேண்டும். பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், ஒரு பொழுதை ஒதுக்கி நெற்கட்டுஞ்செவலுக்கும் சென்று, இவ்வரலாற்றை உள்ளபடி அவர்களுக்குச் சொல்வார்களாக.