சொல்ல இயலாதவரின் பக்கவிளைவு: ஜொகூரில் அல்சைமர் மருந்துக் கண்காணிப்பு

பக்கவிளைவைக் கண்டவர் தாமாக எழுதி அனுப்பும்வரை காத்திருக்கும் முறை அல்சைமர் மருந்துகளுக்குப் போதாது. மருந்துப் பதிவேட்டை அவசரப் பிரிவின் பதிவேட்டோடு சேர்த்துப் படித்தாக வேண்டும் என்பதே என் வாதம். 1990இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் மலேசியா இணைந்தது. மருத்துவரும் மருந்தாளுநரும் பொதுமக்களும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிக்கை அனுப்பலாம். தோலில் தடிப்பு, முகத்தில் வீக்கம் என்றால் இம்முறை நன்றாகவே உதவும். ஆனால், தமக்கு நேர்ந்ததை நோயாளி நினைவில் வைத்துச் சொல்வார் என்ற நம்பிக்கையின்மேல் அது நிற்கிறது. அல்சைமர் முதலில் பறிப்பது அந்த நினைவைத்தான். 2018ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு, 60 வயதைக் கடந்த மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது.

டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின் ஆகிய மூன்று அல்சைமர் மருந்துகளும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதைவதைத் தடுப்பவை. மூளைக்கு உதவும் அதே பொருள் இதயத் துடிப்பைக் குறைக்கும்; சிலருக்கு மயக்கம் வரும், விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். கனடாவின் ஒன்டாரியோவில் மறதிநோயுள்ள ஏறத்தாழ 81,000 முதியோரின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், மயக்கத்தால் மருத்துவமனைக்கு வந்தோர் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு, மருந்து உண்டவர்களில் 31.5, உண்ணாதவர்களில் 18.6. இதயமுடுக்கி பொருத்தப்பட்டதும் மருந்து உண்டவர்களிடையே கூடுதல். எந்த நோயாளியும் முறையிட்டு இது தெரியவரவில்லை. மருந்தகப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் இணைத்ததால் தெரியவந்தது. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரு மூதாட்டி விழுந்தால் எலும்பு முறிவுப் பிரிவு அவரை ஏற்கும். மாத்திரை எழுதியவர் வேறொரு பிரிவிலோ தனியார் கிளினிக்கிலோ இருப்பார். பிள்ளைகள் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடும் ஜொகூர் பாரு வீடுகளில், பகலில் நடந்ததைப் பார்த்தவர் பணிப்பெண் மட்டுமே. அவரிடம் யாரும் கேட்பதில்லை. "வழுக்கி விழுந்தார்" என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

முதியவர் மருந்தில்லாமலும் விழுவாரே என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் தனித்தனி அறிக்கை எதையும் நிறுவாது. மருந்து உண்டவரையும் உண்ணாதவரையும் அருகருகே வைக்கும் ஒப்பீடு வேண்டும். ஒன்டாரியோ ஆய்வும் தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை முற்றாக நிறுவவில்லை. இத்தகைய செய்தி பரவினால் குடும்பங்கள் அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடும் என்ற கவலை இதைவிடக் கனமானது. 2012இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நோய் முற்றிய நிலையிலும் டொனெபெசிலைத் தொடர்ந்தவர்கள், நிறுத்தியவர்களைவிடச் சற்று மேலான நிலையில் இருந்தார்கள். ஆகவே நிறுத்துவதற்கும் விலை உண்டு. யாருக்கு நாடி தளர்கிறது, யாருக்குத் தளரவில்லை என்று பிரித்தறிந்தால்தான் பயன் பெறுவோரின் மருந்தைக் காப்பாற்ற முடியும்.

வேலைப்பளு என்ற தடையை நான் மறுக்கவில்லை. ஆயினும் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், விழுந்துவரும் முதியவரின் மருந்துப் பையைத் திறந்து பார்ப்பதும், உடன் வந்தவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் இரண்டு கேள்விகள் கேட்டு, நாடித்துடிப்போடு குறித்துவைப்பதும் தொடக்கத்துக்குப் போதும். லெக்கானெமாப் போன்ற புதிய அல்சைமர் ஊசி மருந்துகள் இதை அவசரமாக்குகின்றன. 1,795 பேர் பங்கேற்ற சோதனையில், அதைப் பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. மாத்திரையால் வரும் மயக்கத்தையே பதியாத ஏற்பாடு, வெளியே தெரியாத வீக்கத்தை எப்படிப் பதியும்?