தொடாமலே தொட்டுப் பார்க்கலாமா?

செஞ்சிப் பக்கம் பனமலை தாளகிரீஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? ராஜசிம்ம பல்லவன் கட்டியது. குடையின் கீழ் நிற்கும் பார்வதி ஓவியத்தைப் பார்த்ததும் கை தானா நீளும். ஆனா, தொட்டுடாதீங்க! விரல் படப்படச் சாயம் உதிரும்.

இந்த ஏக்கத்துக்கு ஒருநாள் மருந்தாகலாம், உடம்பில் அணியும் 'தொடு கருவி'. 2019-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, தோலோடு வளையும் சிலிகான் ஒட்டு ஒன்றை உருவாக்கியது. பேட்டரி கிடையாது, மின்சாரம் காற்றுவழி வரும். அதிலுள்ள 32 குட்டி அதிர்விகள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர, யாரோ தொட்டதுபோல இருக்கும். செயற்கைக் கை பொருத்திய ஒருவர், அந்தக் கை பிடித்த பொருளைத் தன் மேல்கையில் உணர்ந்தார்.

அதிர்வு மட்டும்தான், சூடு, குளிர்ச்சி அதில் தெரியாது. அதனால இப்போதைக்குப் பார்வதியைக் கண்ணால் மட்டும் தொடுங்க!