குருதியும் கருவியும்: செயற்கை இருதய வால்வின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஹெவ்லொக் டவுனில் எமது வீட்டின் முன்னறையில், இரவு பத்து மணிக்கு மேல் வீதியின் வாகன இரைச்சல் அடங்கிய பின்னர், கடிகாரத்தின் ஒலியை ஒத்த மெல்லிய ஓசையொன்று கேட்கும். அவ்வறையில் கடிகாரம் கிடையாது. ஓசை எழுவது எனது பெரியம்மாவின் மார்பினுள்ளிருந்து. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் பழுதுற்ற இருதய வால்வை அகற்றி, செயற்கை வால்வொன்றைப் பொருத்தி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. “சத்தம் மங்கிக் கேட்டால் உடனே வாருங்கள்” என்று வைத்தியர் அன்று சொல்லியனுப்பினாராம். ஆதலால் அவ்வொலி மங்கிவிடுமோ என்று செவிமடுத்தே இவ்வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தோம்.

ஒலி ஏன் மங்கவேண்டும்? வால்வின் அசையும் பகுதியில் குருதி உறைந்து படியுமாயின் அதன் அசைவு தடைப்படும். வரலாற்றைப் பாடமாகப் பயிலும் எனக்கு மருத்துவத்திற் புலமை கிடையாது. எனினும், இருதயக் கருவிகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சத்திரசிகிச்சை நிபுணரின் துணிவையே போற்றியிருக்க, அக்கருவிகளின் வடிவையும் பொருளையும் விலையையும்கூட உண்மையில் தீர்மானித்தது குருதியின் உறையும் இயல்பே என்பது எனது கருத்து. அதனை நிறுவவே இக்கட்டுரை முற்படுகின்றது.

குருதி உறைதல் ஒரு நோயன்று. அது உடலின் காவல். காயம் பட்ட இடத்தில் குருதி கட்டிபடாவிடின் சிறு கீறலும் உயிரைக் கொண்டுபோகும். ஆனால் அக்காவலுக்கு நண்பனையும் பகைவனையும் பிரித்தறியத் தெரியாது. உலோகமோ நெகிழ்வுப் பொருளோ, உயிருள்ள குருதிக்கலனின் உட்சுவர் அல்லாத எதனைத் தீண்டினும் அது காயமென்றே கொள்ளும். ஓட்டம் தேங்குதல், கலனின் சுவர் பழுதுறுதல், குருதியின் சேர்க்கை மாறுதல் என்னும் மூன்றுமே கலனினுள் உறைதலுக்குக் காரணங்கள் என்று கொள்ளும் மருத்துவ மரபு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய ஜெர்மானிய நோயியலாளர் ருடோல்ஃப் விர்ச்சோவின் பெயரால் வழங்குகின்றது. செயற்கை வால்வொன்று இம்மூன்றில் முதலிரண்டையும் தன்னுடனேயே கொண்டுவருகின்றது எனலாம்.

ஆகவே இருதயத்தினுள் கருவி புகுமுன் உறைதலைத் தடுக்கும் மருந்து பிறக்கவேண்டியிருந்தது. அம்மருந்துகள் இரண்டும் தற்செயலாகவே கிடைத்தன. 1916இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவர், பேராசிரியர் வில்லியம் ஹவெலின் ஆய்வுகூடத்தில், குருதியை உறையச்செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ஈரலிலிருந்து பிரித்த சாறு அதற்கு நேர்மாறாக உறைதலைத் தடுத்தது. பேராசிரியர் முதலில் நம்பவில்லை. பின்னர் அவரே அவ்வழியில் ஆய்வைத் தொடர்ந்து, ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ‘ஹெபாரின்’ என்று பெயரிட்டார். தேடியதற்கு எதிரானதைக் கண்டபோதும் அதனைத் தவறென்று ஒதுக்காது எழுதிவைத்தவர் மருத்துவப் பட்டம் பெறாத ஒரு மாணவர் என்பதை, எம்மைப்போன்றோர் சற்று நின்று கவனிக்கலாம்.

மற்றைய மருந்தின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகின்றது. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்க மாநிலங்களிலும், பூசணம் பிடித்த ‘இனிப்புக் குளோவர்’ என்னும் தீவனத்தை உண்ட மாடுகள் சிறு காயத்திலும் குருதி நில்லாது மாண்டன. 1933இல் விஸ்கொன்சின் விவசாயியொருவர் இறந்த பசுவையும், உறையாத குருதியை ஒரு பாத்திரத்திலும், கெட்ட தீவனத்தையும் பனிப்புயலினூடே ஏற்றிவந்து கார்ல் போல் லிங்க் என்னும் இரசாயன அறிஞரின் ஆய்வுகூடத்தில் இறக்கினார். நஞ்சைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் சென்றன. அதன் வழிவந்த ‘வார்ஃபரின்’ 1948இல் எலி நஞ்சாகவே சந்தைக்கு வந்தது. 1950களின் நடுப்பகுதியிலேயே மனிதருக்கு மருந்தாயிற்று. எனது பெரியம்மா மாலைதோறும் உட்கொள்ளும் குளிசை அதுவே.

இனிக் கருவியின் பக்கம் திரும்புவோம். 1952இல் வொஷிங்டனில் சார்ள்ஸ் ஹஃப்னகல், நெகிழ்வுப் பொருளாலான பந்து வால்வொன்றை நோயாளி ஒருவரின் பெருநாடியிற் பொருத்தினார். இருதயத்தினுள் அன்று, அதற்கு அப்பால். மறு ஆண்டில் ஜோன் கிப்பனின் இருதய-நுரையீரல் இயந்திரம் வெற்றிகண்டதும் இருதயத்தையே திறக்கும் வழி பிறந்தது. அவ்வியந்திரமும் ஹெபாரின் இன்றி இயங்கியிராது. 1960இல் ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பேர்ட் ஸ்டாரும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் லோவெல் எட்வேர்ட்ஸும் தமது வால்வை இருதயத்தினுள்ளேயே பொருத்தினர். முதலில் அவர்கள் இயற்கை வால்வைப் போன்ற இதழ் வடிவையே நாய்களிற் பரிசோதித்தனர். தையல் வளையத்திலிருந்து வளர்ந்த குருதிக்கட்டி இதழ்களை மூடிவிட நாய்கள் இறந்தன. கூட்டினுள் தளர்வாய் உருளும் பந்தின்மீது கட்டி படர்தல் அரிது, எனவேதான் பந்து. இயற்கையோடு சிறிதும் ஒவ்வாத அவ்வடிவை வரைந்தது மனிதரின் கற்பனையன்று, குருதிக்கட்டியே.

மேலைநாட்டில் இத்துறை வளர்ந்துகொண்டிருந்தபோது வாதக் காய்ச்சல் அங்கே அருகிவந்தது. எமது பகுதியிலோ நிலை வேறு. தொண்டைப் புண்ணிலிருந்து தொடங்கும் இந்நோய் நெருக்கமான குடியிருப்புகளிற் செழிப்பது; இளவயதினரின் வால்வுகளைச் சிதைப்பது. விலங்குகளின் இழையத்தாலான வால்வு இளைஞரின் உடலில் விரைவிற் கெட்டுவிடும். ஆகவே இங்கு வேண்டியது நீடித்துழைக்கும் இயந்திர வால்வு. ஆனால் இறக்குமதி வால்வின் விலை ஏழை நோயாளியின் கைக்கெட்டாதது.

இவ்விடரை எதிர்கொண்டவர் எம். எஸ். வலியத்தான் (1934–2024). கேரளத்தின் மாவேலிக்கரையிற் பிறந்து, திருவனந்தபுரத்தில் மருத்துவம் கற்று, மேலைநாடுகளிற் பயின்றவர், ஹஃப்னகலிடமும் பணிபுரிந்தவர். 1970களில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது, வைத்தியசாலையையும் பொறியியற் கூடத்தையும் ஒரே நிறுவனத்தின் இரு கைகளாக அவர் அமைத்தார். 1980இல் இந்தியப் பாராளுமன்றம் அதனைத் தேசிய முக்கியத்துவமுடைய நிறுவனமாகச் சட்டமியற்றி ஏற்றது. வால்வுக்கு முன்பே, குருதியைச் சேமிக்கும் பைகளை உள்நாட்டிற் செய்யும் முறையையும் இந்நிறுவனம் கண்டது. அதுவரை கண்ணாடிப் போத்தல்களே பெரிதும் வழக்கில் இருந்தன.

வால்வின் கதை தோல்விகளின் கதை. வலியத்தானும் ஜி. எஸ். புவனேஷ்வர் முதலிய பொறியியலாளரும் சாயும் தட்டு வடிவைத் தெரிந்தனர்: வளையமொன்றினுள் வட்டத் தட்டு சாய்ந்து திறந்து மீண்டு மூடும். நிமிடத்துக்கு 72 துடிப்பு எனக் கொள்ளினும் ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடி 78 இலட்சம் தடவை. இத்தகைய உழைப்பைத் தாங்கும் பொருள் எது? டைட்டேனியத்தைச் சோதித்தனர், தாங்கி பற்றவைத்த இடத்தில் முறிந்தது. செயற்கை நீலக்கல்லால் தட்டுச் செய்தனர். இரத்தினபுரியைத் தெரிந்த எமக்கு இது வியப்பாகாது. வைரத்துக்கு அடுத்த கடினமுடைய கல் அது. ஆனால் கடினமும் உறுதியும் ஒன்றல்லவே: கல் உலோகத்தைத் தேய்த்தது, தானும் உடைந்தது. மூன்று மாதிரிகள் இவ்வாறு வீணாயின. நான்காவதில், விமான இயந்திரங்களிற் பயன்படும் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத்தை ஒரே துண்டாகக் கடைந்து, பற்றவைப்பே இல்லாத வளையத்தையும் தாங்கிகளையும் செய்தனர். தட்டுக்கு, செயற்கை இடுப்பு மூட்டுகளிற் பயன்படும் உயர்தரப் பொலித்தீனைத் தெரிந்தனர். மிருதுவான அத்தட்டு மூடும்போது ஓசையும் குறைவு. பெரியம்மாவினது அதுவன்று போலும்!

பற்றவைப்பைத் தவிர்த்தமை எத்துணை முக்கியமானது என்பதை அதே காலத்து மேலைநாட்டு நிகழ்வொன்று காட்டுகின்றது. பியோர்க்-ஷைலி என்னும் புகழ்பெற்ற வால்வு, குருதிக்கட்டியைக் குறைக்கவெனத் தட்டின் வளைவு மாற்றப்பட்டு 1970களின் இறுதியில் வெளிவந்தது. பற்றவைத்த தாங்கி சிலரில் முறிய, தட்டு விடுபட்டு உயிர்கள் பிரிந்தன. 1986இல் அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. கட்டிக்கு அஞ்சி வடிவை மாற்றியபோது உலோகம் பழிவாங்கிற்று.

1990 டிசம்பரில் சித்திரா வால்வு முதன்முதலாக மனிதர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் சென்னையின் ரி.ரி.கே. குழுமம் அதன் உற்பத்தியை மேற்கொண்டது. இறக்குமதி வால்வை விட மிகக் குறைந்த விலையில் அது கிடைத்தது; இதுவரை ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

எனினும் வரலாற்றாசிரியர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவது தவறென்பேன். வால்வு மலிவாயிற்று, குருதி மாறவில்லை. இயந்திர வால்வு உடையவர் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் உட்கொள்ளவேண்டும். அளவு குறையின் கட்டி உண்டாகிப் பாரிசவாதம் வரலாம். மிகின் மூளையினுள்ளேயே குருதி கசியலாம். கீரை வகைகளை மிகுதியாக உண்டாலும் மருந்தின் வலு மாறும். ஆதலால் அடிக்கடி குருதியைப் பரிசோதிக்கவேண்டும். ஒவ்வோர் ஆய்வுகூடத்தின் முடிவும் வெவ்வேறாக இருந்த குறையைப் போக்க, உலக சுகாதார நிறுவனம் 1983இல் பொது அளவீடொன்றை வகுத்தது. ஐ.என்.ஆர். என்று கிளினிக்குகளில் வழங்குவது அதுவே. நகரிலிருந்து தொலைவில் வாழும் கூலித்தொழிலாளிக்கு, வால்வின் விலையை விட இப்பரிசோதனைக்குச் செல்லும் நாட்களின் கூலி பெரிதாகலாம். கருவுறும் பெண்ணின் நிலை இன்னும் கொடிது: தாயைக் காக்கும் வார்ஃபரின் கருவிலுள்ள சிசுவின் உறுப்புகளைச் சிதைக்கவல்லது. வாதக் காய்ச்சலால் வால்வு இழப்போரில் இளம் பெண்கள் பலர் என்பதை இங்கு நினைக்கவேண்டும். பெரியம்மா பிள்ளை பெறவில்லை. அதன் காரணத்தை இவ்வாண்டே, இக்கட்டுரைக்காக வாசித்தபோதே நான் ஊகித்தேன், அவரிடம் கேட்கவில்லை.

புதிய மருந்துகள் வராமலில்லை. பரிசோதனையே வேண்டாத டபிகட்ரான் என்னும் மருந்தை இயந்திர வால்வு உடையோரிடம் சோதித்தபோது, கட்டிகளும் குருதிப்பெருக்கும் மிகுந்தமையால் 2012இல் அச்சோதனை இடைநிறுத்தப்பட்டது. அபிக்சபானைக் கொண்டு நடந்த சோதனையும் 2022இல் அவ்வாறே நின்றது. இருதயத்துக்குத் துணையாக இயங்கும் பம்பிகளின் கதையும் வேறன்று. 1980களில் ‘ஜார்விக்-7’ செயற்கை இருதயம் பெற்றோரைப் பாரிசவாதம் வாட்டியது. பின்வந்த பம்பிகளிற் சிலவற்றில், குருதி தானே ஒட்டி மெல்லிய உயிர்ப்படலமொன்றை அமைத்துக்கொள்ளட்டும் என்று உட்சுவரை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கினர்; அண்மைக்காலத்தில் சுழலியைக் காந்தவிசையால் அந்தரத்தில் நிறுத்தி, தேங்கும் இடுக்குகளைக் குறைத்துள்ளனர்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது, நானும் அண்ணாவும் ஹெவ்லொக் வீதியிலிருந்து வெள்ளவத்தை வரை மருந்தகம் மருந்தகமாக வார்ஃபரின் தேடி நடந்தோம். ஓரிடத்தில் பத்துக் குளிசைகள் கிடைத்தன, இன்னோரிடத்தில் ஆறு. அவ்வாரம் பெரியம்மா தமது சிறு கொப்பியில், திகதி, ஐ.என்.ஆர். எண், குளிசையின் அளவு என்னும் மூன்று நிரல்களுக்கு அருகே நான்காவதாக ஒரு நிரலைக் கோடிட்டார்: கையிருப்பு. அந்நிரலை அவர் இன்றும் நிரப்பிவருகின்றார்.