டாக்காவிலிருந்து ஒரு தந்தி

அறமும் நாட்டு நலனும் ஒருவழிப்படும் காலத்தில் அயலுறவுக் கொள்கை வகுத்தல் எளிது. இரண்டும் முரண்படும்போதுதான் ஓர் அரசின் இயல்பு வெளிப்படும். அமெரிக்காவுக்கு 1971ஆம் ஆண்டு அத்தகையதொரு சோதனையைக் கொணர்ந்தது.

1970 இறுதியில் நடந்த பாகிஸ்தான் பொதுத்தேர்தலில், 300 இடங்களில் 160 இடங்களை ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. ஆட்சியை ஒப்படைக்க மனமில்லாத யாஹியா கானின் இராணுவ அரசு, 1971 மார்ச் 25 இரவில் கிழக்கு வங்க மக்கள்மீது படையை ஏவியது. டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் கொன்று குவிக்கப்பட்டனர்.

அந்நகரில் அமெரிக்கத் துணைத்தூதரகத் தலைவராக இருந்த ஆர்ச்சர் பிளட், கண்டவற்றையெல்லாம் வாஷிங்டனுக்கு எழுதினார். அரசு வாய் திறக்கவில்லை. ஏப்ரல் 6 அன்று அமெரிக்க அலுவலர் 20 பேர் கையொப்பமிட்ட எதிர்ப்புத் தந்தி புறப்பட்டது. மக்களாட்சி நசுக்கப்படுவதையும் கொடுமைகளையும் கண்டிக்கத் தம் அரசு தவறிவிட்டது என்று அது வெளிப்படையாகவே சாடியது. பிளட் தம் ஆதரவையும் அதனுடன் இணைத்தார். விரைவில் டாக்காவிலிருந்து அகற்றப்பட்டார்.

அதிபர் நிக்சனின் மௌனத்துக்குக் காரணம் இருந்தது. இருபதாண்டுகளுக்கு மேலாக உறவற்றிருந்த சீனத்துக்கு யாஹியா கான் வழியாகவே இரகசியத் தூது நடந்துகொண்டிருந்தது. ஜூலையில் பாகிஸ்தான் சென்ற கிஸ்ஸிங்கர், உடல்நலமில்லை என்று பிறரை நம்பவைத்துவிட்டுப் பீக்கிங் பறந்தார். 1972 பிப்ரவரியில் நிக்சனும் அங்குச் சென்றார். பனிப்போரின் போக்கையே மாற்றிய அவ்வாதாயத்தைச் சிறிதென்று ஒதுக்குதல் நேர்மையாகாது.

ஆயினும், ஜூலைக்குப் பின் பாரிஸ் வழியாகச் சீனத்துடன் நேர்த்தொடர்பு ஏற்பட்டுவிட்டது. யாஹியா கானின் தூது இன்றியமையாததாக இல்லை. அப்போதும் கொள்கை மாறவில்லை. நட்பு நாட்டைக் கைவிடாதவர் என்று சீனத்துக்குக் காட்டவேண்டும் என்பது புதிய நியாயமாயிற்று. ஒரு காரணம் மறைந்தால் மற்றொன்றைத் தேடிக்கொள்வது இத்தகைய மௌனத்தின் இயல்பு போலும்.

இதற்கிடையே ஏறத்தாழ 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இந்தியத் தலையீட்டிலும் அறத்தோடு நலன் கலந்தே இருந்தது. ஆனால் சோவியத் செல்வாக்கைக் குறைக்க முனைந்த அமெரிக்கா, இத்துணைக்கண்டத்தில் அதனை வளர்க்கவே துணைபோயிற்று.

பிளட் 2004இல் மறைந்தார். மறு ஆண்டு, டாக்காவிலுள்ள அமெரிக்க மைய நூலகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அன்று அவர் சொல்லைக் கேளாத அரசே, 34 ஆண்டுகளுக்குப் பின் அந்நகர மக்கள் முன் அவர் பெயரை எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று.